மூன்று கட்டம் போட்ட நோட்டு

அந்த இரண்டாம் வகுப்புக்கு இரண்டு மிஸ். பாடம் நடத்துகிறவர் பெரிய மிஸ். மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து படித்தாலும் பக்கத்தில் ஒரு ஆள் தேவைப்படுகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவர் சின்ன மிஸ். வயதில் இவர்தான் மூத்தவர். நாற்பத்தாறு ஆகிறது.

இந்த வேலைக்கு வருவதற்கு முன்னால் மருந்துக்கடையில் சீட்டு பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுத்தவர். டாக்டர்களின் கிறுக்கலையே படித்தவளுக்குப் பிள்ளைகளின் மனசா படிக்க வராது என்று சேர்ந்த புதிதில் வாய்ச்சவடால் விட்டார். முதல் வாரமே முழங்கைக்குக் கீழே கடி வாங்கினார். அன்றிலிருந்து முழுக்கை ரவிக்கைதான். பஸ் ஓட்டுகிற கணவர், தன் வேலையில் ஹாரன் அடித்தால் எதிரே வருகிறவன் ஒதுங்குவான், உன் வேலையில் அதுவும் இல்லை என்று கேலி செய்வார்.

கடித்தவள் ஏழு வயதுப் பெண். வீட்டில் அவளை வாலு என்று கூப்பிடுவார்கள். பேச்சு நாலைந்து சொல்தான். திடீரென்று பெஞ்சைக் கவிழ்ப்பாள், கையில் கிடைத்ததை வீசுவாள், மேசைக்கு அடியில் போய்ச் சுருண்டுகொள்வாள். மற்றப் பெற்றோர்கள் புகார் எழுதிக் கொடுத்தார்கள். இந்த வருடத்துக்குள் சரியாகாவிட்டால் ஊரின் மறுகோடியில் இருக்கும் தனிப் பள்ளிக்கு அனுப்பிவிடுவோம் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். அங்கே பேசுகிற பிள்ளைகளே கிடையாது. வாலு தெரிந்துவைத்திருந்த நாலைந்து சொல்லும் இந்த வகுப்புப் பிள்ளைகளிடம் பிடித்துக்கொண்டவை. அதனால் அவளுடைய அம்மாவுக்கு ஒரே ஒரு வேண்டுதல்தான்: மகள் இங்கேயே இருக்க வேண்டும்.

மிஸ்களுக்குப் பயிற்சி கொடுக்க வந்த அம்மாள் ஒரு நோட்டைக் கொடுத்திருந்தார். பக்கத்துக்கு மூன்று கட்டம்: முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, பிறகு என்ன ஆனது. எவ்வளவுக்கு எவ்வளவு எழுதுகிறீர்களோ அவ்வளவுக்கு அவ்வளவு உதவி கிடைக்கும் என்றார். சின்ன மிஸ் கண்ணும் கருத்துமாக எழுதினார். அந்த நோட்டுதான் உண்மையைக் காட்டியும் கொடுத்தது. கவிழ்த்ததும் கடித்ததும் பெரும்பாலும் மணி அடித்த கையோடுதான். அந்தச் சத்தம் அவள் காதில் இடியாக இறங்கியிருக்கிறது, பாவம்.

பிறகு மணிக்கு இரண்டு நிமிடம் முன்னால் சின்ன மிஸ் அவளை மணிச்சத்தம் எட்டாத தண்ணீர்க் குழாய்ப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்விடுவார். ஒரே மாதத்தில் பெஞ்சு கவிழ்வது நின்றது. ஜன்னல் சாத்தும் வேலையைப் பிள்ளைகளே அவளுக்குக் கொடுத்தார்கள். பெரிய மிஸ்ஸுக்குத் தும்மல் வந்தால் போதும், வாலு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். அதைப் பார்த்து வகுப்பே சிரிக்கும். பாடம் அவ்வளவுதான்.

இங்கேதான் சின்ன மிஸ் தன் புத்திசாலித்தனத்தைக் காட்டினார். இன்னொரு உதவியாளர் கேட்டு மனு போயிருந்தது. நோட்டில் பக்கம் குறைந்தால், பிள்ளைக்குத்தான் சரியாகிவிட்டதே என்று மனுவைத் தூக்கிப் போட்டுவிடுவார்களே என்று பயந்தார். பென்சிலைத் தட்டிவிட்டதை எழுதினார். செருப்பைக் கழற்றி எறிந்ததை எழுதினார். பக்கத்துப் பெண்ணின் பின்னலை இழுத்ததை அந்தப் பெண்ணே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, இவர் அதையும் எழுதினார். நல்ல நாளுக்கு அதில் கட்டமே இல்லை. வெறும் தாளின் ஓரத்தில் நாலு வார்த்தை எழுதியிருந்தால் யார் கையைப் பிடித்திருக்கப் போகிறார்கள்? அது தோன்றவில்லை.

வருடக் கடைசியில் கூட்டம். தலைமையாசிரியர் அறையில் வாலுவின் அம்மா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். துணிக்கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்தவள். தலைமையாசிரியர் நோட்டைப் புரட்டி, மொத்தம் நூற்றுப் பதினெட்டு சம்பவங்கள் என்றார். கூடுதல் ஆள் கேட்ட மனு தள்ளுபடி ஆகிவிட்டதாம். இத்தனை சம்பவத்துக்கு இன்னொரு ஆள் வந்தாலும் போதாது, தனிப் பள்ளிதான் சரி என்று மேலிடத்தில் முடிவாம். சின்ன மிஸ் மணியைப் பற்றிச் சொன்னார், பென்சிலைப் பற்றிச் சொன்னார். தலைமையாசிரியர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இது உங்கள் கையெழுத்துதானே என்று கேட்டார். ஆமாம் என்றார் சின்ன மிஸ்.

கையெழுத்துப் போடச் சொல்லி அம்மாவிடம் காகிதத்தை நீட்டினார்கள். அவள் நோட்டைக் கேட்டு வாங்கினாள். முதல் பக்கத்திலிருந்து விரலை வைத்து வாசித்தாள். யாரும் அவசரப்படுத்தவில்லை. பாதிக்கு மேல் வந்ததும் நிமிர்ந்து சின்ன மிஸ்ஸைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம்.

"மிஸ், இவ்வளவு நாள்ல எம் பொண்ணு ஒரு நாள்கூடச் சிரிக்கவே இல்லையா?"



"சிரிச்சாம்மா. தினம் தினம் சிரிச்சா. நான்தான் எழுதல."

அம்மா தலையாட்டினாள். பேனாவை வாங்கி, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.