மணி அடித்தால் யார் பின்னால் போவது?

அங்கன்வாடி ஆயா வேலையில் பிள்ளைகளைச் சேர்ப்பது சுலபம், அனுப்பிவைப்பதுதான் கஷ்டம். மூன்று வயதில் உள்ளே வரமாட்டேன் என்று அலறுகிற அதே பிள்ளை, ஐந்து வயதில் வெளியே போகமாட்டேன் என்று நம் இடுப்பைக் கட்டிக்கொண்டு அலறும். பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாத மழையில் குடையைப் பிள்ளைக்குப் பிடித்து, தான் நனைந்து திரும்பிய அம்மாமாருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நான் ஐந்தாவதோடு நின்றவள். கல்யாணமாகி, திருநெல்வேலிப் பக்கமிருந்து திருவனந்தபுரம் வந்தேன். வீட்டுக்காரருக்குத் தம்பானூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஓட்டல் வேலை. எங்கள் காலனியில் பாதிப் பேர் நம் ஊர்க்காரர்கள். என் மகளை அங்கன்வாடியில் விடப்போன இடத்தில், அங்கிருந்த ரமணி டீச்சர், "இந்தக் குட்டிகள் பேசுறது உனக்குத்தான் புரியுது, நீயே நில்லு" என்று பிடித்துக்கொண்டார். அப்படித்தான் ஆயா ஆனேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. பிள்ளைகள் முன்னால் வந்தது, அதுவே போதுமாக இருந்தது. டீச்சர்மார் மலையாளத்தில் சொன்னதை முடிந்தவரை நம் பேச்சிலேயே எழுதுகிறேன்.

கஞ்சிக்குப் பிறகு

முதல் வருஷம் எங்களிடமிருந்து ஆறு பிள்ளைகள் ஒண்ணாம் வகுப்புக்குப் போனார்கள். அதில் ஒருத்தி இசக்கி. அவள் அம்மா பார்வதி கட்டட வேலைக்குப் போகிறவள், இடுப்பில் ஒன்றரை வயசு மகன். இசக்கியைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்றைக்கே பார்வதி என்னிடம் சொல்லிவிட்டாள், "ஒரு மாசம் பாப்பேன் மயினி. சரிப்பட்டு வரலன்னா தம்பியப் பாத்துக்கிட்டு வீட்ல கிடக்கட்டும்." நானும் தம்பியைத் தூக்கத்தான் ஐந்தாவதோடு நின்றேன்.

பள்ளிக்கூடம் திறந்த முதல் நாள் மத்தியானம், நாலாம் வகுப்புப் பெண் ஒருத்தி மூச்சிரைக்க ஓடிவந்து, "ஹெச்.எம். கூப்பிடுறாங்க, உங்க பிள்ளைங்க ஆறு பேரும் விழுந்து கிடக்காங்க" என்றாள். நானும் ரமணி டீச்சரும் குடைகூட எடுக்காமல் ஓடினோம். போய்ப் பார்த்தால் ஆறு பேரும் பெஞ்சுக்கு அடியில் வரிசையாகப் படுத்து, பையைத் தலைக்கு வைத்து நல்ல தூக்கம். எங்களிடம் மத்தியானம் கஞ்சியும் பயறும் சாப்பிட்டால் தட்டைக் கழுவிவிட்டுப் பாயில் படுக்க வேண்டும். அங்கேயும் கஞ்சியும் பயறும் வந்திருக்கிறது. தட்டைக் கழுவியிருக்கிறார்கள். பாயைக் காணோம் என்று கொஞ்ச நேரம் தேடியும் இருக்கிறார்கள்.

எதையாவது தின்று மயங்கிவிட்டார்களோ என்று பயந்துபோயிருந்தார் ஹெச்.எம். ரமணி டீச்சர்தான் விஷயத்தைச் சொன்னார். ஹெச்.எம். அம்மா கத்தியிருந்தால் ஆறு அம்மாமாரும் மறுநாளே பிள்ளைகளை நிறுத்தியிருப்பார்கள். அவர் பிள்ளைகளின் குட்டிப் பெஞ்சிலேயே உட்கார்ந்து, நெஞ்சில் கை வைத்துச் சிரித்தார். "உங்க அங்கன்வாடியில எனக்கும் ஒரு பாய் கிடைக்குமா மோளே?"

முந்தானை

தூக்கம் சரியாகிவிட்டது. அடுத்தது இசக்கியின் பாவாடை. மூன்று நாள் தொடர்ந்து ஈரத்தோடு வந்தாள். "இனிப் போகமாட்டேன்" என்று கதவைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு மாசம்னு சொன்னேன்ல மயினி" என்றாள் பார்வதி.

தப்பு என்னுடையதுதான். எங்களிடம் ஒண்ணுக்கு வந்தால் பிள்ளைகள் வாய் திறந்து கேட்கமாட்டார்கள், என் முந்தானையைப் பிடித்து இழுப்பார்கள். நான் தூக்கிக்கொண்டு போவேன். ஒண்ணாம் வகுப்பு டீச்சர் போர்டுப் பக்கம் நிற்கிறார், இசக்கி கடைசிப் பெஞ்சில் இருக்கிறாள். கைக்கு எட்டுகிற தூரத்தில் முந்தானை இல்லை.

நாலாம் நாள் நானே போய் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே நின்றேன். கூப்பிடத் தைரியமில்லை. டீச்சரே வெளியே வந்து என்ன என்று கேட்டார். பழகின மலையாளமும் அந்த நேரம் மறந்துபோய், ஒரே மூச்சில் தமிழில் கொட்டிவிட்டேன். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ, மறுநாள் இசக்கியை முதல் பெஞ்சில், தன் மேஜைக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டார். சாயங்காலம் என்னைப் பார்த்தபோது சொன்னார், "சாரமில்லா, பரவால்ல, அவ பேசப் பழகுற வரைக்கும் இழுக்கட்டும். நான் சேலைக்கு ரெண்டு பின்னு கூடக் குத்திட்டு வர்றேன்."

பதிவில் இல்லாத பிள்ளை

இசக்கி அழாமல் போக ஆரம்பித்தாள். இப்போது பார்வதிக்குத்தான் சங்கடம். மழைக்காலத்தில் சின்னவனைக் கட்டடச் சாரத்துக்கு அடியில் கிடத்த மேஸ்திரி விடவில்லை. "இவன யாரு பாத்துக்குவா? அவளத்தான் நிறுத்தணும்" என்றாள். ரமணி டீச்சர் என்னைப் பார்த்தார், நான் டீச்சரைப் பார்த்தேன். மூன்று வயது ஆகாத பிள்ளையை அங்கன்வாடியில் சேர்க்கக் கூடாது. சேர்க்கவில்லை. சும்மா கொண்டுவந்து வைத்துக்கொண்டோம்.

இரண்டாவது வாரமே சூப்பர்வைசர் அம்மா வந்துவிட்டார். பிள்ளைகளை எண்ணினார், ரிஜிஸ்டரைப் பார்த்தார், மறுபடி எண்ணினார். "இது யாரோட குழந்தை?" டீச்சர் முகம் வெளுத்துவிட்டது. அதுவரை அந்த அம்மா முன்னால் ஒரு வார்த்தை பேசாத நான், "என்னோடது" என்றேன். சொன்ன பிறகுதான் நினைவு வந்தது, போன மாசம்தான் அவர் என் வீட்டு விவரமெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு போயிருந்தார், ஒரே மகள் என்று. அவர் என்னையும் பையனையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் ரிஜிஸ்டரை மூடி டீச்சர் கையில் கொடுத்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டே சொன்னார், "ஒரு மாசத்துல நல்லா வளத்திருக்கே!"

கணக்கு டீச்சரின் பின்னால்

நாலாம் வகுப்பு முடிந்து இசக்கி வேறு பள்ளிக்கூடத்துக்குப் போனாள். பெரிய கட்டடம், பாடத்துக்கு ஒரு டீச்சர். நாலு வருஷமும் அவளுக்கு வகுப்பு என்றால் ஒரே டீச்சர்தான். முதல் பீரியட் மணி அடித்தது, கணக்கு டீச்சர் எழுந்து போனார். இசக்கியும் பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய்விட்டாள். ஸ்டாஃப் ரூம் வரைக்கும் போய், டீச்சர்மார் நடுவில் நின்றிருக்கிறாள். வகுப்பே சிரித்ததாம். வீட்டுக்கு வந்து யூனிஃபாரத்தைக் கழற்றி மூலையில் எறிந்தாள்.

"எங்க குடும்பத்துல அஞ்சாப்பு தொட்டதே இவதான். இது போதும்" என்றாள் பார்வதி. எனக்கு எங்கிருந்து கோபம் வந்ததோ, "போதுமா போதாதான்னு அந்த டீச்சர்கிட்டயே வந்து கேளு" என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். போகிற வழியெல்லாம் வீராப்பு. ஸ்டாஃப் ரூம் வாசலைப் பார்த்ததும் நான் பார்வதிக்குப் பின்னால், பார்வதி எனக்குப் பின்னால்.

கணக்கு டீச்சர் எங்களை உள்ளே கூப்பிட்டு ஸ்டூலில் உட்காரவைத்தார். பார்வதிக்கு அதுவே பெரிசாக இருந்தது, சிமெண்டுக் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். "உன் மக என் பின்னால வந்ததுக்கா நிறுத்தப் போற?" என்று சிரித்தார் டீச்சர். "எத்தனை வருஷமா கணக்கு எடுக்கிறேன், மணி அடிச்சா எல்லாம் தப்பிச்சு ஓடத்தான் பாக்கும். இன்னும் வேணும்னு பின்னால வந்தது இவ ஒருத்திதான்!"

எட்டாம் வகுப்பு

முதல் வருஷத்துக்குப் பிறகே அங்கன்வாடியில் நாங்களும் பாடம் படித்துக்கொண்டோம். ஏப்ரல் வந்தால் பெரிய பிள்ளைகளுக்குப் பாய் கிடையாது. முந்தானையை இழுத்தால் திரும்பமாட்டேன், வாயால் கேட்க வேண்டும். மே மாதம் வரிசையாக நடத்திக்கொண்டு போய், ஒண்ணாம் வகுப்பையும் குழாயையும் கக்கூசையும் காட்டிவிட்டு வருவோம். இதெல்லாம் எந்த ட்ரெய்னிங்கிலும் எங்களுக்குச் சொல்லித் தந்ததில்லை. பெஞ்சுக்கு அடியில் தூங்கிய அந்த ஆறு பேர் சொல்லித் தந்தது.

இசக்கி ஏழாவது பாஸாகி எட்டுக்கு ஹைஸ்கூல் போக வேண்டும். தம்பானூரில் இறங்கி இன்னொரு பஸ் பிடிக்கிற தூரம். திறக்கிற அன்றைக்கு மழை கொட்டியது. நான் டீச்சரிடம் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, கூட்டிப்போகலாம் என்று காலையிலேயே அவர்கள் வீட்டு வாசலுக்குப் போனேன். பார்வதி குளித்துத் தலைவாரி, கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையில் நின்றாள். என்ன விசேஷம் என்று கேட்டேன். அவள் மகளின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு சொன்னாள், "மேஸ்திரிகிட்ட வேலைக்கு வரமாட்டேன்னு சொல்லிட்டேன் மயினி. இன்னைக்கு எம்பிள்ளைய நான்தான் கொண்டுபோய் விடுவேன், நீ போய் உம்பிள்ளைகளப் பாரு."

எல்லாப் பிள்ளைகளையும் பிரிந்து போகப் பழக்கிய எனக்கு அது இன்னும் பழகவில்லை என்பது, அன்றைக்கு அங்கன்வாடி உப்புமாவில் நான் உப்பே போடவில்லை என்று பிள்ளைகள் சொன்ன பிறகுதான் தெரிந்தது.