காத்து எந்தப் பக்கம்?

ஒயர் எரியும் புகை மூக்குக்கு வருமுன் நாக்குக்கு வந்துவிடும்; பழைய காசை வாயில் போட்டுச் சப்பியதைப் போன்ற அந்தக் கசப்பு, பள்ளிக்கூடத்தில் சோறு தின்னும்போதும் அடிநாக்கிலேயே கிடக்கும். பெங்களூரு ஈஜிபுராவில் எங்கள் தகரக்கூரை வீடுகளுக்கும் பங்களாக்களுக்கும் நடுவே கிடந்த காலி நிலத்தில்தான், "குஜரி" என்று சொல்லும் பழைய சாமான் கடைகளிலிருந்து வரும் பழைய ஒயர்களை எரித்துச் செம்பு எடுப்பார் பக்கத்து வீட்டுச் செல்வம் மாமா. புகை பங்களாப் பக்கம் போனால் ஒரு மணி நேரத்தில் போலீஸ் ஜீப் வந்துவிடும் என்பதால், காற்று எங்கள் பக்கம் வீசும்போது மட்டுமே அவர் தீ வைப்பார்.

காற்றைப் பார்த்துச் சொல்வது என் வேலை. தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி, குச்சியில் கட்டிய பிளாஸ்டிக் கவர் பறக்கும் திசையைப் பார்த்து, "நம்ம பக்கம், மாமா!" என்று கத்துவேன். அதில் எனக்கு எவ்வளவு பெருமை!

அந்த வருடம் மழை ஓய்ந்ததும் இரண்டு வயதுத் தம்பிக்கு இழுப்பு வந்தது. மூச்சு வாங்கும்போதெல்லாம் அவன் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழிந்தது. ஒருநாள் அம்மா அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு நேராக அந்த நிலத்துக்கே போய்விட்டாள்.

"ஏண்ணா, எங்க பக்கம் காத்தடிச்சாத்தான் உன் கைக்குத் தீப்பெட்டி வருமா?"

"அந்தப் பக்கம் போனா ஜீப் வருதும்மா. நம்ம பக்கம் போனா எவன் வரான்? நானும் இங்கதான குடியிருக்கேன், என் நெஞ்சு என்ன இரும்பா?" என்றவர், சொல்லி முடிக்குமுன் இருமினார்.

மறுநாள் கவர் பங்களாக்களைப் பார்த்துப் பறந்தது. நான் வழக்கம்போலவே, "நம்ம பக்கம், மாமா!" என்று கத்தினேன். குவியலின்மேல் குனிந்திருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் பற்றவைத்தார். அம்மா பாத்திரம் தேய்க்கும் பங்களாவின் மாடிவரை கரும்புகை ஏறியது. ஜீப் வந்தது. அதில் ஏறும்போது மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். அடுத்த வாரமே வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார். தம்பியின் இழுப்பு மெல்ல அடங்கியது. நான் செய்ததைச் சொன்னபோது அம்மா திட்டவில்லை. "அவருக்கும் ரெண்டு பொட்டப்புள்ளைங்க இருக்குதேடி" என்று மட்டும் சொன்னாள்.

அந்த நிலமும் தகரக்கூரைகளும் இன்று இல்லை. ஆறு மாடிக் கட்டிடம் நிற்கிறது. நான் வசிப்பது ஊர் எல்லையில், வேறொரு அடுக்குமாடியில். போன மாதம் அங்கேயும் அந்தப் புகை வந்தது. என் மகள் இன்ஹேலரைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாள். குடியிருப்பு வாட்ஸப் குழுவின் சார்பில் போலீசுக்குப் புகார்க் கடிதம் எழுதியது நான்தான். மறுநாளே புகை நின்றது.

நேற்று மதியம் மனம் கேட்காமல் புகை வந்த இடத்தைப் போய்ப் பார்த்தேன். கருகிய தரைக்குப் பக்கத்தில் நான்கு கொட்டகைகளைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். அங்கிருந்தவர்கள் எங்கே என்று எங்கள் வாட்ச்மேனிடம் கேட்டேன்.

"யாருக்கு மேடம் தெரியும்? போய்ட்டாங்கல்ல, விடுங்க."

வீட்டுக்கு வந்து ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினேன். படித்துக்கொண்டிருந்த மகள் தலைநிமிர்ந்து, "ஏம்மா மூடுற? இப்போ காத்து நல்லாத்தானே இருக்கு?" என்றாள்.