வாசல் வெளிச்சம்

காஞ்சிபுரத்தில் நான் வேலை பார்க்கும் பட்டுக் கடையில், புடவையைத் தோளில் போட்டுக் காட்டுவதற்கென்றே ஒரு பெண்ணைக் கண்ணாடி முன்னால் நிறுத்தியிருப்பார்கள். மற்றவர்களுக்குப் பின்னறையில் மடிப்பு வேலை. கண்ணாடிப் பக்கம் ஏசி உண்டு, மரியாதை உண்டு. வருகிறவர்கள் “அழகா இருக்குதும்மா” என்பார்கள். புடவையைத்தான் சொல்கிறார்கள் என்று தெரியும், இருந்தாலும் கேட்க நன்றாகத்தான் இருக்கும். இரண்டு வருடம் அங்கே நின்றவள் நான்.

நான் கறுப்பு. அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை. பருதான் தொல்லை. வந்த பரு போகும்போது மிளகளவு கறுப்புத் தழும்பை வைத்துவிட்டுப் போகும், அது ஆறு மாதத்துக்கு அசையாது. சிவந்த பெண்களுக்கு இந்தக் கஷ்டம் இவ்வளவு இல்லை, அதனால் அவர்களைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல். கிள்ளினேன், எலுமிச்சம்பழம் தேய்த்தேன், கடைசியில் மருந்துக் கடையில் டாக்டர் சீட்டில்லாமல் ஒரு க்ரீம் ட்யூப் வாங்கினேன். மூன்றே வாரத்தில் தழும்பெல்லாம் மங்கி முகம் பளிச்சென்று ஆனது. என்ன போடுகிறாய் என்று கேட்டவர்களிடம் கடலைமாவு என்றேன்.

எங்கள் கடைத்தெருவில் யாரும் விளக்கு வெளிச்சத்தை நம்பிப் பட்டு எடுக்க மாட்டார்கள். பிடித்த புடவையை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் பார்ப்பார்கள். போட்டுக் காட்டுகிறவளும் கூடப் போய் வெயிலில் நிற்க வேண்டும். “வெளிய வந்து பாருங்கம்மா, லைட்ல கலர் ஏமாத்தும்” என்று தினமும் பத்துப் பேரிடம் சொன்ன நான், என் முகத்தை மட்டும் கடைக் கண்ணாடியிலேயே பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தேன். ட்யூப் போட ஆரம்பித்த மூன்றாவது மாதம், மாம்பழ மஞ்சள் புடவையோடு வாசலில் நின்றபோது, கல்யாணப் புடவை எடுக்க வந்த மாப்பிள்ளையின் அம்மா புடவையை விட்டுவிட்டு என் கன்னத்தைப் பார்த்தாள்.

“இன்னாம்மா, மூஞ்சி வெந்தாப்ல இருக்குது? புடவையை எடுத்துடு, ஏதாச்சும் ஒட்டிக்கப் போவுது.”

அன்று மாலையே முதலாளி என்னை மடிப்புக்கு அனுப்பினார். தோல் டாக்டர் ட்யூபைப் பார்த்ததுமே சத்தம் போட்டார். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது, தோல் மெலிந்துவிட்டது, தேற ரொம்ப நாளாகும், இதைத் தூக்கிப் போடு என்றார். நான் தூக்கிப் போடவில்லை. பாதி ட்யூப் பையிலேயே கிடந்தது. கடையில் எல்லோரிடமும் வெயில் அலர்ஜி என்று சொல்லி வைத்தேன்.

என் இடத்துக்கு வந்தவள் வாலாஜாபாத்திலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். என்னைவிடக் கறுப்பு, முகத்தில் ஒரு புள்ளி கிடையாது. கிளிப்பச்சையை அவள் தோளில் போட்டால் முதலாளியே எழுந்து வந்து பார்ப்பார். எனக்கு வயிறு எரிந்தது. அவளோ என்னை அக்கா அக்கா என்று சுற்றி வந்தாள், மத்தியானம் டப்பாவிலிருந்து எனக்கும் எடுத்து வைத்தாள். அதற்காகவும் அவளை எனக்குப் பிடிக்கவில்லை.

ஒரு நாள் அவள் கன்னத்தில் இரண்டு பரு வந்திருந்தது. அழாத குறையாகப் பின்னறைக்கு வந்தாள்.

“அக்கா, கல்யாண சீசன் வந்துக்கினு இருக்குது. இத்தப் பாத்தா என்னை மடிப்புக்கு அனுப்பிடுவாரு. உன் பழைய போட்டோல மூஞ்சி அப்படி பளிச்சுனு இருக்குதே, இன்னாக்கா போட்ட?”

அந்தப் பாதி ட்யூபை எதற்காக வைத்திருந்தேன் என்று அப்போது எனக்கே புரிந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

“தினம் ராத்திரி போடு. பரு மேல மட்டும் வெக்காத, மூஞ்சி பூரா தடவு.”

முதல் மாதம் அவள் மின்னினாள். ட்யூப் தீர்ந்ததும் அவளே அடுத்தது வாங்கினாள். நான் அவசரப்படவில்லை, எனக்கு நடந்ததெல்லாம் அவளுக்கும் நடக்கும் என்று மடித்துக்கொண்டே காத்திருந்தேன். அப்படியே நடந்தது. அரக்குப் புடவையோடு அவள் வாசல் வெயிலில் நின்றபோது, கன்னம் செம்பு நிறத்தில் கன்றி, அதன்மேல் வரிசையாகப் பரு பொரிந்திருந்தது பின்னறைக் கதவு வரைக்கும் தெரிந்தது. “வேற பொண்ணு யாரும் இல்லையா?” என்று ஒரு குரல் கேட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. அன்று மத்தியானம் நன்றாகச் சாப்பிட்டேன்.

முதலாளி என்னைத் திரும்பக் கூப்பிடுவார் என்று நினைத்தேன். அவர் புடவை கட்டி நிறுத்தும் ஆளுயரப் பொம்மை ஒன்றை வாங்கி வந்தார். வெளிர் ரோஸ் நிறப் பொம்மை. புடவை பார்க்க அதை இரண்டு பேர் வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

அவளும் மடிப்புக்கு வந்து என் எதிரே உட்கார்ந்தாள். ஒரு வாரம் கழித்து ஒரு மத்தியானம், டீ குடிக்க வெளியே கிளம்பும் நேரத்தில், மருந்துக் கடைக் கவரைப் பிரித்தாள். உள்ளே வெயிலுக்குப் போடும் க்ரீம் இரண்டு இருந்தது.

“டாக்டராண்ட போனேன்க்கா. எல்லாம் அந்த ட்யூபாலதானாம். உன் மூஞ்சியும் வெயிலால போவல, அதாலதான் போயிருக்குது. பாவம், உனக்குத் தெரியவே இல்ல பாரு. அதான் உனக்கும் சேத்து வாங்கியாந்தேன்.”

“தெரியாமதான்டி போட்டேன்” என்றேன்.

அவள் தலையாட்டினாள். க்ரீமை விரலில் எடுத்து, தன் முகத்துக்குப் போடும் முன்னால் என் கன்னத்தில் தடவினாள். அழுத்தாமல், மெதுவாகத் தடவினாள். எங்கே எரியும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.