பாத்து அக்காவின் உள்ளங்கை

கணவரின் சட்டையை முதுகுப்பக்கம் கொத்தாகப் பிடித்துக்கொண்டு, அரையடி பின்னால், "பாத்து... பாத்து..." என்று சொன்னபடி அக்கா நடக்கிறார். கணவருக்குப் பக்கவாதம் வந்த ஐந்து மாதங்களாக இதுதான் அந்தத் தம்பதியின் நடை. அவருக்கு இடது கால் கொஞ்சம் இழுக்கிறது. சட்டைகள் எல்லாம் முதுகில் ஒரே இடத்தில் கசங்கியிருக்கின்றன. இஸ்திரி போட்டும் பயனில்லை.

கண்ணாடித் தொழிற்சாலையில் சாமான்களைப் பெட்டியில் அடுக்கும் பிரிவுக்கு அக்காதான் மேற்பார்வை. இருபத்தாறு வருஷமாக நாள் முழுக்க "பாத்து, பாத்து" என்பதால், பாத்து அக்கா என்றே பெயர் விழுந்துவிட்டது. வீட்டில்கூடத் தண்ணீர் டம்ளரை ஒரு கையால் பிடித்து, மறுகையால் அடியில் தாங்கித்தான் நீட்டுவார். "அடியில கை குடுக்காம எதையும் தூக்கக்கூடாது" என்பார். கணவரை அப்படித் தூக்க வழியில்லை என்பதால்தான் சட்டை.

இரண்டு தெரு தள்ளி அவருக்குச் சைக்கிள் ரிப்பேர் கடை இருக்கிறது. ஐந்து மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. கைகளுக்கு ஒரு குறையும் இல்லை, போய்வருவதுதான் பாடு. அக்கா வேலைக்குக் கிளம்பிவிட்டால் கூட்டிப்போக ஆள் கிடையாது. "தனியா போறேனே" என்று அவர் வாயெடுத்தால் போதும்.

"போங்க, போய் நடுரோட்டுல சில்லுசில்லா சிதறுங்க. நான் வந்து பொறுக்கிக்கறேன்!"

இந்தப் பஞ்சாயத்து கடைசியில் டாக்டரிடம் போனது. தடைகளைத் தாண்டி நடக்கும்போது உடம்பு எவ்வளவு பதறுகிறது என்று அளந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார் டாக்டர்.

அளக்கும் அறையில் பிசியோதெரபி பெண் கணவரின் உள்ளங்கையில் இரண்டு வில்லைகளை ஒட்டினாள். பதறினால் கை வியர்க்கும். வியர்த்தால் திரையில் கோடு ஏறும். தரையில் நான்கு பஞ்சுக் கட்டைகள். கணவர் நடந்தார், சட்டையோடு சேர்ந்து அக்காவும் நடந்தார். ஒவ்வொரு கட்டையிலும் கோடு விறுவிறுவென்று மேலே போயிற்று.

"பாத்தியாம்மா? நான் பிடிச்சிருக்கும்போதே இந்தக் கதி. விட்டா என்ன ஆகும்?" கேஸ் ஜெயித்த பெருமை அக்காவின் முகத்தில். கணவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

அந்தப் பெண்ணுக்கு என்ன தோன்றியதோ, "அக்கா, உங்க கையையும் குடுங்க" என்றாள்.

"எனக்கெதுக்கு? எனக்கென்ன பயம்?"

ஒட்டியாயிற்று. மறுபடி நடந்தார்கள். திரையில் இப்போது இரண்டு கோடுகள்: அக்கா சிவப்பு, கணவர் நீலம். கட்டை வர மூன்றடி இருக்கும்போதே சிவப்பு எகிறியது. "பாத்து!" என்றார் அக்கா. அதற்குப் பிறகுதான் நீலம் ஏறியது. நான்கு கட்டையிலும் அதே கதை.

"கட்டை என்னை ஒண்ணும் பண்ணல. நீ கத்தறதுலதான் எனக்குத் தூக்கிவாரிப் போடுது" என்றார் கணவர்.

"மெஷின் ஒழுங்கா வேலை செய்யுதாம்மா?"

செய்கிறதாம்.

"இத்தனை வருஷத்துல என் கையில இருந்து ஒரு சாமான் விழுந்ததில்ல, தெரியுமா?" என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தி, தன் கையில் ஒட்டியிருந்த வில்லைகளைக் குனிந்து பார்த்தார். பார்க்கவே பாவமாக இருந்தது. தாங்கிக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்த ஆளை இத்தனை நாள் உலுக்கிக்கொண்டிருந்தோம் என்று தெரிந்தால் யாருக்குத்தான் வலிக்காது?

"இந்தத் தடவை நீங்க உக்காருங்க அக்கா" என்று அந்தப் பெண் சுவரோரம் நாற்காலியைக் காட்டினாள்.

கணவர் தனியாகக் கிளம்பினார். முதல் கட்டையைத் தாண்டினார். சிவப்புக் கோடு திரையின் உச்சியில் போய் முட்டியது. நீலம் பாதி உயரம்கூட ஏறவில்லை. இரண்டாவது கட்டையில் இடது கால் இடறி, மனிதர் தள்ளாடினார். அக்கா நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். கணவர் தானே சுதாரித்து நின்று, திரும்பிப் பார்த்தார்.

அக்கா மெதுவாகத் திரும்ப உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் திணித்து, அவற்றின் மேல் நன்றாக அழுத்தி உட்கார்ந்துகொண்டார்.