சுவரோரம் நின்ற ஆறு பேர்

போன ஞாயிற்றுக்கிழமை என் தம்பி மகன் குடும்பத்தோடு ஸ்ரீரங்கப்பட்டணம் போய் வந்தான். புது ரோட்டில் சல்லென்று போய்விட்டார்களாம். மத்தியானத்துக்குள் ஏகப்பட்ட போட்டோக்கள் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்தன. எல்லாவற்றிலும் முகங்கள்தான். கோட்டைச் சுவர் யாருடைய காதுக்குப் பின்னாலோ கொஞ்சம் தெரிந்தது. காக்ஸ் டவுன் வீட்டில் முழங்கால் வலியோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருந்த எனக்கு ஏனோ டீசல் வாசனை அடித்தது.

டீசல் என்றால் வேன். வேன் என்றால் மத்தூர் தாண்டுவதற்குள் நான் வாந்தி எடுப்பது. அப்போது நாங்கள் ஜீவனஹள்ளியில் இருந்தோம். ஒவ்வொரு ஜனவரியிலும் அப்பாவும், அவரோடு பட்டாளத்தில் இருந்த ஐந்து பேரும் வேன் பிடித்துக் குடும்பத்தோடு அந்தக் கோட்டைக்குப் போவார்கள். எல்லையில் சண்டை பார்த்துத் திரும்பியவர்கள். அங்கே மறுபடி போக வழியில்லை, கைக்கெட்டிய போர்க்களம் இதுதான். அம்மாவின் புளிசாதத்தைத் தின்றுவிட்டு, வெள்ளைக்காரன் அந்தக் கோட்டையைப் பிடித்த, இருநூறு வருடத்துக்கு முந்திய சண்டையை ஆறு பேரும் மறுபடி போடுவார்கள். பீரங்கியை எங்கே வைத்திருக்க வேண்டும், ஆற்றில் தண்ணீர் ஏறும்வரை எப்படித் தாக்குப்பிடித்திருக்கலாம் என்று ஒரே வாதம். இவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சரித்திரமே மாறியிருக்கும். என்ன செய்வது, கேட்காமல் விட்டுவிட்டார்கள்.

பிறகு போட்டோ. கோட்டையில் காமிராவோடு திரியும் ஒருவர் எடுத்து, சில வாரம் கழித்துத் தபாலில் அனுப்புவார். கீழே வெள்ளை எழுத்தில் ஊர்ப்பெயர் இருக்கும். ஆண்கள் இடிந்த சுவரோரம் எப்போதும் ஒரே வரிசையில் நிற்பார்கள். இரண்டாவது அப்பா, மூன்றாவது தனராஜ் மாமா. நாங்கள் முன்னால் புழுதியில் உட்காருவோம். வர முடியாமல் போனவர் இடத்தில் மற்றவர்கள் ஒட்டி நின்றுகொள்ளலாம். ஆனால் செத்துப்போனவர் இடத்தை மட்டும் மூடக் கூடாது. அவர்களாகப் போட்டுக்கொண்ட சட்டம் அது. முதலில் போனவர் சாமிக்கண்ணு மாமா. அடுத்த படத்தில் ஓர் ஆள் அகலத்துக்குச் சுவர் தெரிந்தது. அதற்கு முன்னால் அவர் மனைவி, மடியில் குழந்தையோடு.

தனராஜ் மாமாவுக்கு எங்கள் அடுத்த தெரு. அவருடைய பாட்டனுக்குப் பாட்டன் வெள்ளைக்காரன் படையில் அந்தச் சுவரில் ஏறியவர் என்று அவர்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. மாமாவுக்கு அதில் பெருமை. ஒரு வருடம் அப்பா வாயை விட்டார்.

“உள்ள நின்னு செத்தான் பாரு, அவன் சிப்பாய். உங்காளு கூலிக்கு ஏறினவன்டா.”

“நாம மட்டும் சம்பளம் வாங்காமயா போனோம்?” என்றார் மாமா.

அவ்வளவுதான். திரும்பும் வழியெல்லாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. என்றோ செத்தவர்களுக்காக இரண்டு பேர் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டதில் எங்களுக்கெல்லாம் சிரிப்பு.

அடுத்த ஜனவரியில் அப்பா போகவில்லை. எங்களையும் விடவில்லை. போட்டோ மட்டும் வழக்கம்போல் தபாலில் வந்தது. பிரித்துப் பார்த்த அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வரிசையில் இரண்டு இடம் காலி. ஒன்று சாமிக்கண்ணு மாமாவுடையது. இன்னொன்று தனராஜ் மாமாவுக்குப் பக்கத்தில்.

“உசுரோட இருக்கற மனுஷனுக்கு எடம் வுட்டு நின்னிருக்காரே, தனராஜண்ணன் நல்லா இருப்பாரா?” என்று அழுதாள். அப்பா படத்தை வாங்கிப் பார்த்தார். அன்றிலிருந்து பஸ் ஸ்டாப்புக்கு அடுத்த தெருவழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போனார்.

நான் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஒருநாள் பஸ்ஸுக்கு நிற்கும்போது தனராஜ் மாமா வந்து பிடித்துக்கொண்டார். ரொம்ப இளைத்திருந்தார்.

“செத்துட்டான்னா எடம் வுட்டேன்? ஒட்டி நில்லுன்னு எல்லாரும் சொன்னாங்க. கால் நகரலம்மா. எத்தினி வருசம் அவன் தோள இடிச்சுக்கிட்டே நின்னவன் நானு. சும்னே இருங்கடா, அது அவன் எடம்னுட்டேன். அப்பாகிட்ட சொல்லு.”

அன்று சாயங்காலமே சொன்னேன். அப்பா ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டே கேட்டார். “அத அவனே வந்து சொல்லட்டும்” என்றார். மாமாவோ இவர் வரட்டும் என்று இருந்தார். மழைக்காலம் முடிவதற்குள் மாமா நெஞ்சுவலியில் போய்விட்டார். சாவுக்குப் போய்வந்த அப்பா, குளித்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்தார். பக்கத்தில் போய் உட்காரக்கூட எங்கள் யாருக்கும் தைரியம் வரவில்லை.

அந்த ஜனவரியில் வேனில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்தவர் அப்பாதான். சுவரோரம் தன் இடத்தில் போய் நின்றார். போட்டோக்காரர் புது ஆள். காமிராவிலிருந்து தலையைத் தூக்கி, “சார், ஸ்வல்ப தள்ளி நில்லுங்க, பக்கத்துல காலியா இருக்கு” என்றார்.

“அங்க ஆளு இருக்கான்யா!” என்று அப்பா கத்தினார். அந்தக் குரலை அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை.

அதன்பிறகு வந்த படங்களில் சுவர் கூடிக்கொண்டே போனது. கடைசிப் படத்தில் அப்பா மட்டும் இரண்டாவது இடத்தில் நிற்கிறார், மீதியெல்லாம் சுவர். பிறகு அப்பாவும் இல்லை, வேனும் இல்லை. தபாலில் போட்டோ அனுப்பும் ஆட்களும் போன இடம் தெரியவில்லை. அந்தக் குடும்பங்களில் சிலர் ஓசூர்ப் பக்கம், சிலர் கோலார்ப் பக்கம் என்று போய்விட்டார்கள். யாரிடம் விசாரிப்பது என்று யோசித்தாலே அலுப்பாக இருக்கிறது.

ஞாயிறு சாயங்காலம் அந்தக் கடைசிப் படத்தை எடுத்துக் குழுவில் போட்டேன். தாத்தாவும் அங்கே போயிருக்கிறார் என்று மட்டும் எழுதினேன். கொஞ்ச நேரத்தில் தம்பி மகன் அதைச் சரிசெய்து திருப்பி அனுப்பியிருந்தான்.

“சூப்பர் அத்தை! தாத்தா ஓரமா நின்னுட்டிருந்தாரு, வெறும் செவுருதான் நெறைய. கட் பண்ணி அவர நடுவுல கொண்டுவந்துட்டேன்.”

அப்பா நடுவில் இருந்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. மற்ற ஐந்து பேரையும் காணோம். விளக்கி எழுதலாம் என்று ஆரம்பித்தேன், எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அதற்குள் குழுவில் எல்லோரும் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்கள். நானும் தூக்கினேன்.