இங்கனா என்றோர் ஊர்

"எலும்பைத் தொட்ட கையை எந்த வீட்டுல அடுப்பைத் தொட விடுவாக? இதுக்குக் கப்பல் வேற ஏறணுமாக்கும்!"

நான் லண்டனுக்குப் புறப்பட்டபோது, தேவதானப்பட்டியில் என் தாய்மாமா கேட்டது இது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அந்தப் படிப்பே போதாதா என்பது அவர் கட்சி. இங்கே நான் குடியிருக்கும் வீட்டுக்கார அம்மாளுக்கோ எலும்பில் ஆட்சேபமே இல்லை. மண்டையோட்டின் படத்தைச் சுவரில் மாட்டினேன், அழகு என்றாள். நாலு மிளகாய் வறுத்தேன். தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். அன்றிலிருந்து அடுப்பைத் தொட அனுமதி இல்லை. மாமா சொன்னது பலித்துவிட்டது, காரணம்தான் வேறு.

நான் படிப்பது, தோண்டியெடுத்த எலும்புகளைக் கொண்டு அவற்றுக்கு உரியவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று கண்டறியும் மேற்படிப்பு. ஆராய்ச்சிக்காகப் பேராசிரியர் ஒரு மரப்பெட்டியைக் கொடுத்தார். எங்கள் மலையடிவாரத்துக்கு வேட்டைக்குப் போன ஏதோ ஒரு துரை, ஒரு முதுமக்கள் தாழியை உடைத்து அள்ளிவந்த எலும்புகள். இடுப்பெலும்பைப் பார்த்தால் பெண். கணுக்கால் எலும்பில், நெடுங்காலம் குந்தி உட்கார்ந்த தடம். இந்தத் தடம் 'இங்கனா இன'த்தின் தனிச்சிறப்பு என்று பேராசிரியர் புத்தகமே எழுதியிருக்கிறார். களை பறிக்கும் எங்கள் ஊர்ப் பெண்கள் யார் காலிலும் இது இருக்கும்.

அதென்ன இங்கனா? பெட்டியின் லேபிளில் அப்படித்தான் இருந்தது: 'இங்கனா, மதுரை ஜில்லா'. துரையின் குறிப்பேட்டைப் புரட்டினேன். கூப்பிடு தூரத்தில் 'அங்கனா' என்று இன்னோர் ஊராம். நூலக அறை என்பதையும் மறந்து சிரித்துவிட்டேன். தாழி எங்கே கிடைத்தது என்று துரை கேட்டிருப்பார். "இங்கனதான் சாமி, அங்கனயும் ஒண்ணு கெடக்கு" என்று யாரோ கைகாட்டியிருப்பார்கள். துரை இரண்டு ஊர்களை உண்டாக்கிவிட்டார். பேராசிரியர் அவற்றை இரட்டை நகரங்களாக்கி, ஓர் இனத்தையும் குடியேற்றிவிட்டார்.

சொன்னேன். அவர் தமிழ் அகராதியைக் கொண்டுவரச் செய்தார். 'இங்கு' இருந்தது, 'இங்கே' இருந்தது. 'இங்கன' இல்லை.

"மிஸ், உங்கள் மொழியிலேயே இல்லாத சொல்லாயிற்றே?"

மதுரைக் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதரும் இதையேதான் சொல்லி, என் கட்டுரையில் அந்தச் சொல்லைச் சிவப்பு மையால் அடித்தார். வகுப்பே சிரித்தது. அதன்பின் அதை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. வெட்கப்பட்டதற்கு இப்போது வெட்கப்படுகிறேன்.

சான்றுக்காக மாமாவின் கடிதத்தைக் கொண்டுபோனேன். அவர் சொல்லச் சொல்ல, கடைக் கணக்கர் அப்படியே எழுதியது: "இங்கன எல்லாரும் சொகம். அங்கன பனி கொட்டுதாமே? எலும்பை விட்டுட்டு வந்து சேரு ஆத்தா." வரிக்கு வரி பெயர்த்துச் சொன்னேன். பேராசிரியர் முகம் மலர்ந்தது.

"அப்படியானால் உங்கள் மாமா வசிப்பது இங்கனாவில்தான்!"

இவருக்கா இத்தனை பட்டம்?

கடைசியில் அவர் பணிவாகவே சொன்னார்: என் ஆய்வேட்டின் தலைப்பில் 'இங்கனா இனம்' இருந்தால் கையெழுத்திடுவார், இல்லையேல் அவர் பரிந்துரை கிடையாது. பரிந்துரை இல்லாத ஆய்வேட்டைத் தேர்வாளர்கள் திருப்பிவிடலாம். திருப்பினால் பட்டமில்லாமல் ஊருக்குப் போய் மாமா முன்னால் நிற்க வேண்டும். எலும்பாகக் கிடப்பவளுக்கு இல்லாத இனத்தைச் சூட்டிப் பட்டம் வாங்குவதைவிட அது மேல்.

நேற்று மதியம் ஆய்வேட்டைப் பதிவு அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன், அவர் கையெழுத்து இல்லாமலே. முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன்: 'இங்கன என்பது ஊர்ப்பெயர் அன்று, இந்த இடத்தில் என்று பொருள். தாழி கிடைத்த ஊரைத் துரை கேட்டு எழுதவில்லை.' முடிவு அனுப்ப விலாசம் கேட்டாள் குமாஸ்தாப் பெண். லண்டன் விலாசத்தை எழுதி, அதன் கீழே தேவதானப்பட்டியையும் எழுதினேன்.

"ஒன்றை அடித்துவிடுங்கள்" என்றாள்.

அடிக்கவில்லை. ரசீதை வாங்கிக்கொண்டு படியிறங்கினேன்.