பெயர் தெரியாதவரின் கொமிட்டுகள்

குணபாலனுக்கு ஒரு குணம். எந்த வேலையையும் தனியாகச் செய்து, பேரையும் தனியாகவே வாங்க வேண்டும். ஜூலை முதலாம் திகதி பாதி மொன்ட்ரியால் வீடு மாறும்போது, சொந்தக்காரரின் சோபாவை ஒற்றை ஆளாகத் தூக்கப்போய், ஒரு கிழமை இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுக்கிற மனிதர் அவர். அதைத் தானே சிரித்துச் சிரித்துச் சொல்லுவார். திருந்தமட்டும் மாட்டார்.

அதே நகரத்தின் சென்ட் லோரன்ட் பகுதியில், பண்டகசாலைகளுக்கு மென்பொருள் எழுதும் சின்னக் கம்பனி ஒன்றில் அவருக்கு வேலை. அங்கே நிரலில் யார் எதை மாற்றினாலும், மாற்றியவரின் பெயரும் ஒருவரிக் குறிப்பும் சேர்ந்து பதிவாகும். அதைத்தான் கொமிட் என்பார்கள். கம்பனி தொடங்கிய காலத்திலிருந்து சேர்ந்த கொமிட்டுகளை எஸ்.வி.என் என்ற பழைய களஞ்சியத்திலிருந்து கிட் என்ற புதியதற்கு ஒன்றுவிடாமல் மாற்ற வேண்டியிருந்தது. குழுத் தலைவர் பதவியும் அப்போது காலியாகக் கிடந்தது. மாற்றி முடிந்ததும் யார் எவ்வளவு உழைத்திருக்கிறார்கள் என்று பார்த்து முடிவு செய்வோம் என்றார் மேலாளர் மிஷெல். குணபாலனுக்குத் தலைகால் புரியவில்லை. மாற்றும் வேலையையும் தானே கேட்டு வாங்கிக்கொண்டார்.

பழையதில் ஆட்களுக்குச் சுருக்கப் பெயர்கள்தான். ஒவ்வொன்றுக்கும் முழுப்பெயர் எழுதிப் பட்டியல் கொடுத்தால்தான் புதியதில் அந்தப் பெயர் வரும். பட்டியலில் இல்லாதவர்கள் "பெயர் தெரியாதவர்" என்று போகட்டும் என்று அவரே ஏற்பாடு செய்தார்.

"அண்ணை, பட்டியலை ஒருக்கா எனக்கும் காட்டுங்கோவன்," என்றாள் பக்கத்து மேசைச் சாம்பவி.

"தேவையில்லைப் பிள்ளை. நான் பாக்காததையே நீர் பாக்கப்போறீர்?"

எப்போதோ வேலையை விட்டுப் போனவர்களைக்கூட போன் அடித்துத் தேடி, முழுப்பெயர் கேட்டு எழுதினார்.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் மிஷெல் புதிய களஞ்சியத்தைப் பெரிய திரையில் திறந்தார். ஒவ்வொருவரின் உழைப்பும் ஒவ்வொரு பட்டையாகத் தெரிந்தது. ஆக நீளமான பட்டை பெயர் தெரியாதவருடையது.

"யார் இந்த மகான்?" என்று மிஷெல் பிரெஞ்சில் கேட்டார்.

சாம்பவி அந்த ஆளின் கொமிட் ஒன்றைத் திறந்தாள். "சின்னத் திருத்தம்" என்பது குறிப்பு. உள்ளே முழுக் கோப்பும் தலைகீழாகியிருந்தது. அடுத்ததும் சின்னத் திருத்தம். அதற்கடுத்தது, "போன திருத்தத்தைத் திருத்தினேன்." எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் குணபாலன். இந்த ஆள் கம்பனியை விட்டுப் போனதே புண்ணியம் என்று வேறு சொல்லிவைத்தார்.

பிறகுதான் திரையில் தன் பெயரைத் தேடினார். மேலிருந்து கீழே பார்த்தார். கீழிருந்து மேலே பார்த்தார். உலகத்தையே பட்டியலில் ஏற்றியவர் தன்னை ஏற்ற மறந்திருந்தார். அடேய் குணபாலா, உன்னைப்போல ஒரு விசரன் எங்கேயாவது உண்டோ? வாயை மூடிக்கொண்டிருந்தால், இத்தனை வருடமும் சும்மா இருந்து சம்பளம் எடுத்தவர் ஆகிவிடுவார். திறந்தால், அந்தச் சின்னத் திருத்தங்கள் அத்தனையும் அவர் தலையில். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் அந்த நீளமான பட்டையை விட்டுக்கொடுக்க மனம் கேட்கவில்லை.

"அது நான்தான்," என்று கையை உயர்த்தினார்.

சிரிப்பு அடங்க வெகுநேரமானது. பட்டியலை வேறு யாரும் சரிபார்க்கவில்லையா என்று மிஷெல் கேட்டார். சாம்பவி அவரைக் காட்டிக்கொடுக்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் குணபாலனை உறுத்தியது. அவள் கேட்டதாகவும், தான்தான் காட்ட மறுத்ததாகவும் சொல்லிவிட்டார். சொல்லும்போதே பதவி கைநழுவுவது அவருக்குத் தெரிந்தது.

அந்த வாரமே சாம்பவி குழுத் தலைவரானாள். குணபாலன் பட்டியலில் தன் பெயரைச் சேர்த்து, முதல் வேலையாக அவளிடம் சரிபார்க்கக் கொடுத்தார். அவள் உடனே ஏற்றவில்லை.

"அண்ணை, இதை ஏத்தினா அந்தப் பழைய பிழையெல்லாம் உங்கட பேரிலதான் வரும். பேந்து எல்லாரும் உங்களிட்டத்தான் வருவினம். யோசிச்சுச் சொல்லுங்கோ."

"வரட்டும் பிள்ளை," என்றார் குணபாலன். "அதுகளுக்கும் ஒரு தகப்பன் வேணுமெல்லே?"